ஆறு படிகள்

கோவையில் டவுன்ஹால் பக்கம் வெரைட்டி ஹால் ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. 1914-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் அங்கே கட்டிய சினிமா அரங்கின் பெயர்தான் தெருவுக்கும் நிலைத்துவிட்டது. அரங்கு பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறியது.

கட்டடம் கட்டுவதற்கு முன் அவர் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டியவர். திருச்சியில் ரயில்வே உத்தியோகம் பார்த்தவர், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக் கருவியை வாங்கிக்கொண்டு உத்தியோகத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டார். அவருடைய கட்டடத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கென்னவோ கூடாரத்தின் மேல்தான் மோகம்.

கூடாரத்துக்குப் படி ஏது? கால் விளங்காதவரானாலும் தள்ளாத கிழவியானாலும் மாட்டு வண்டியிலிருந்து இறங்கினால் சமதரைதான். படமோ பேசாது, காது கேட்பவரும் கேளாதவரும் அங்கே ஒரே சாதி. திரையில் ஓடும் எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அந்தக் காலத்தில் ஓர் ஆள் பக்கத்தில் நின்று கதையை உரக்கச் சொல்வதுண்டு. கண் தெரியாதவர் வந்திருந்தால் அவருக்கும் கதை போய்ச் சேர்ந்திருக்கும். தருமம் என்று நினைத்து யாரும் செய்ததல்ல. தானாக அமைந்த அனுகூலம்.

1931-இல் 'காளிதாஸ்' வந்தது. படம் பேசிற்று. கதை சொன்னவருக்கு வேலை போயிற்று. காது கேளாதவருக்கோ கதையே போயிற்று.

மண்தரை மட்டும் டூரிங் கொட்டகைகளில் வெகுகாலம் தங்கியிருந்தது. மூட்டு வலிக்காரியான என் அம்மாயி அங்கே மண்ணைக் குவித்து, அதன்மேல் மகாராணி போல் உட்காருவாள். ஒரு தடவை அவளை டவுனில் ஒரு பெரிய தியேட்டருக்கு அழைத்துப் போனோம். வாசலில் ஆறு படி. பிடித்து ஏறக் கம்பி இல்லை. இரண்டு ஏறினாள், மூன்றாவதில் நின்றுவிட்டாள்.

"நீங்க போயிப் பாத்துட்டு வாங்க சாமி. எனக்குக் கதை தெரியும்" என்றாள்.

படம் அன்றைக்குத்தான் வெளியாகியிருந்தது. மூன்று மணி நேரம் சோடாக் கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு சினிமாவுக்கு அவள் வரவேயில்லை.

1995-இல் ஊனமுற்றோருக்காக ஒரு சட்டம் வந்தது. ஆனால் சாய்தளம் முதலிய வசதிகளைப் பற்றிப் பேசும்போது, பொருளாதார சக்திக்கு உட்பட்டு என்று ஒரு வாலும் ஒட்டிக்கொண்டிருந்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கண்டிப்பானது. பொழுதுபோக்குக்காகப் பொதுஜனம் வந்து போகும் தனியார் கட்டடமும் பொதுக் கட்டடமே என்றது. பழைய கட்டடங்களுக்கு ஐந்து வருஷ கெடு. விதிகள் 2017 ஜூனில் வந்தன, கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். விதிகள் வெறும் ஆலோசனையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாயிற்று. அதே வருஷம் மார்ச்சில், கேளாதவருக்கு எழுத்தும் காணாதவருக்குக் காதில் காட்சி விளக்கமும் தியேட்டர்களில் வேண்டும் என்று மத்திய சர்க்கார் நெறிமுறை வெளியிட்டது. பழைய கதைசொல்லிக்கு மறுபடி உத்தியோகம்!

சாய்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அம்மாயி நின்றுபோன அந்த ஆறு படிகளும் சேர்ந்து மூன்று அடி இருக்கும். முப்பத்தாறு அடி இடம் வேண்டும். சைக்கிள் ஸ்டாண்டுக்கு அதைவிட அதிகமாகவே விட்டிருந்தார்கள்.