பழையனூர் நீலி

பொய்யாக அழுபவரை நோக்கி, "நீலிக் கண்ணீர் வடிக்காதே" என்று கடிந்துரைப்பது தமிழகத்திலும் ஈழத்திலும் பெருவழக்கு. யானும் வகுப்பறையில் இத்தொடரைப் பலகாற் கூறியதுண்டு. ஆயின் நீலி என்பாள் யார், அவள் யாது கருதி அழுதாள் என்பவற்றை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பேய்க்கதையை ஆராய்வதாற் பயன் என்னை எனின், பேய் உண்டோ இல்லையோ, அக்கதையை வழங்கிய மக்கள் உண்டு. அவர்கள் எதற்கு அஞ்சினர், எதனை அநீதி எனக் கருதினர் என்பதை அது காட்டும். ஆதலின் நீலி கதை வரலாற்று மாணவர்க்கும் உரியதேயாம்.

கதை நிகழிடம் தொண்டை நாட்டிலே திருவாலங்காட்டை அடுத்துள்ள பழையனூர். அது பலவாறாக வழங்கினும் அதன் கரு ஒன்றே. முன்மனைவி இருப்பதை மறைத்து ஒருத்தியை மணந்த அந்தணன் ஒருவன், அவளை ஊருக்கு அழைத்து வரும் வழியில் ஆலங்காட்டிலே கொன்றான். மறுபிறப்பில் அவன் காஞ்சியில் வணிகனாய்ப் பிறந்தான்; அவளோ நீலி என்னும் பேயானாள். பேயால் அவனுக்கு இறுதி உண்டென்பதறிந்த தந்தை, மந்திரவாள் ஒன்றை அவனுக்கு அளித்திருந்தான். வாணிகத்தின் பொருட்டுப் பழையனூர் வழியே சென்ற அவனை, நீலி கள்ளிக் கொம்பொன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, மனைவி வடிவிலே தொடர்ந்தாள். அஞ்சி ஓடிய வணிகன் ஊர் வேளாளரிடம் முறையிட்டான். "கணவர் என்னைக் கைவிடுகின்றார்" என நீலி அழுதாள். குழந்தையை இறக்கிவிட, அது வணிகனிடமே சென்றது. அது கண்ட வேளாளர், "உனக்குத் தீங்கு நேரின் யாம் எழுபதின்மரும் உயிர் தருவோம்" என வாக்களித்து, வாளை வாங்கிக்கொண்டு இருவரையும் ஓரறையில் இருத்தினர். அன்றிரவே நீலி அவனைக் கொன்று மறைந்தாள். வேளாளர் தம் சொற்படி தீப்பாய்ந்து உயிர் துறந்தனர்.

இக்கதையில் நீலியின் இயல்பை நோக்குவாம். கண்டாரையெல்லாம் கொல்லும் பேயல்லள் அவள். அவள் பகை ஒருவன்மீதே நிற்பது. பிறவி கடந்தும் காத்திருக்கும் பொறுமை உடையது. அவள் கைக்கொண்ட சூழ்ச்சியும் கருதத்தக்கது. முற்பிறப்பில் அவள் உண்மையாகவே மனைவியாய் இருந்தாள். அவள் அழுகையைக் கேட்க அக்காட்டில் ஒருவரும் இலர். மறுபிறப்பில் மனைவி என்று பொய்யுரைத்தாள். ஓர் ஊரே கூடி அவளுக்காக இரங்கிற்று. மெய்யான கண்ணீருக்குக் கிட்டாத அவை பொய்யான கண்ணீருக்குக் கிட்டியது. கதையின் கொடுமை இங்கேதான் உள்ளது. எனினும் அவள் பழிக்கு வணிகனோடு, அவளுக்கு யாதொரு தீங்கும் செய்யாத எழுபதின்மரும் இரையாயினர். பழி தீர்த்தல் வேறு, நீதி வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, கதையைக் கையாண்டோர் நோக்கங்கள் வேறுபடுமாற்றைக் காண்போம். ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தின் முதற்பாடலில், வஞ்சித்து உயிர்கொண்ட ஒருத்தியைக் குறிப்பிடுகின்றார். அவள் நீலியே என்பது உரையாளர் கொள்கை. உமாபதி சிவாசாரியர் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம் வேளாளரின் வாய்மையைச் சிறப்பிக்கவே இக்கதையை எடுத்தாளுகின்றது. அங்கே நீலி, பிறர் பெருமையை விளக்கும் கருவி மட்டுமே.

சமணர் வேறொரு நெறியிற் சென்றனர். ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசி பத்தாம் நூற்றாண்டை ஒட்டியது என்பர், 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் அதனை உரையுடன் பதிப்பித்தார். காளிக்கு உயிர்ப்பலி இடவந்தோரை முனிச்சந்திரர் என்னும் முனிவர் தடுத்து, மண்ணாற் செய்த உருவங்களைப் படைக்கச் சொல்கின்றார். பலி இழந்த காளி, அவரை வெருட்டப் பழையனூர் நீலியின் துணையை நாடுகின்றாள். அச்சுறுத்தியும் மயக்கியும் தோற்ற நீலி, ஈற்றில் அவரிடமே அறங்கேட்டு, பிற சமயத்தாரை வாதில் வெல்லும் அறிவுடையாளாகின்றாள். சினத்தில் நின்ற உறுதி வாதத்தில் நிற்கும் உறுதியாக மாறியது.

நாட்டார் வழக்கோ அவளைத் தாயாக்கியது. தென்றமிழ் நாட்டிலே, சிறப்பாகக் கன்னியாகுமரி மாவட்டத்திலே, நீலி கதை வில்லுப்பாட்டாகப் பாடப்படும். முப்பந்தல் முதலிய இடங்களில் அவள் இசக்கியம்மனாக வழிபடப்படுகின்றாள். வஞ்சனைக்காக ஏந்திய குழந்தை, அங்கே பிள்ளைவரம் வேண்டுவோர்க்கு அருட்குறியாயிற்று.

திருவாலங்காடு காரைக்காலம்மையார் இறைவன் திருவடிக்கீழ் அமர்ந்த தலமும் ஆகும். அம்மையாரும் கணவனால் நீக்கப்பட்டவர். பேய்வடிவை வேண்டிப் பெற்றவர். தம்மைக் காரைக்காற் பேய் என்றே கூறிக்கொண்டவர். ஆயின் அவர் தம்மை அஞ்சி நீங்கிய கணவன்மீது பகை கொள்ளாது, இறைவன்மீது அன்பு பூண்டார். ஒரே காட்டில் இரு பேய்கள்: ஒன்று பழியைப் பற்றி நின்றது, மற்றது பற்றனைத்தையும் விட்டது. அம்மையாரின் உயர்வை அறிய நீலியின் துயரையும் அறிதல் வேண்டும்.

புலவர் நீலிக்கு ஞானம் அளித்தனர். பொதுமக்கள் கோயில் அமைத்தனர். பழமொழி மட்டுமே அவள் கண்ணீரை நினைவிற்கொண்டு, அதன் காரணத்தை மறந்துவிட்டது. அழுகின்ற ஒருவரை நோக்கி அத்தொடரைக் கூறுமுன், ஆலங்காட்டில் எவரும் கேளாத முதல் அழுகையைச் சிறிது நினைத்தல் நன்று. ஆசிரியராகிய எமக்கு அது மிகவும் வேண்டற்பாலது.