ஒரு பி450 போர்டு வாழ்ந்த கதை

2018 ஜூலை கடைசியில் ஏஎம்டி வெளியிட்ட பி450 சிப்செட், காசை எண்ணிச் செலவழிக்கும் கேமர்களுக்கானது. அதில் வந்த போர்டுகளில் அதிகம் பேசப்பட்டது தைவான் கம்பெனியான எம்எஸ்ஐயின் டாமஹாக். கன்னங்கரேலென்று ஒரு பலகை. பிராசஸருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் மேல் கனத்த ஹீட்சிங்க். அந்த விலையில் பல கம்பெனிகள் முதலில் மிச்சம் பிடிப்பது இங்கேதான். கலர் லைட்டைப் பார்த்து போர்டு வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதும் இல்லை.

எம்எஸ்ஐ வேறோர் இடத்தில் கஞ்சத்தனம் காட்டியிருந்தது. பயாஸ் சிப் வெறும் 16 எம்பி. 2019 ஜூலையில் ரைசன் 3000 வந்ததும் இடம் போதவில்லை. அழகான பயாஸ் திரையை எடுத்துவிட்டு மொட்டையான ஒன்றைப் போட்டார்கள். பழைய ஏ-சீரிஸ் பிராசஸர்களைக் கைவிட்டார்கள். கூடவே 32 எம்பி சிப் வைத்து, ‘மேக்ஸ்’ என்ற பெயரில் அதே போர்டை மறுபடி விற்றார்கள்.

பழைய டாமஹாக்கைக் காப்பாற்றியது பின்பக்கத்துச் சின்ன பட்டன். பிராசஸரும் வேண்டாம், ரேமும் வேண்டாம். எஸ்எம்பிஎஸ் ஒயர்களை மாட்டினால் போதும். பயாஸ் ஃபைலுக்குச் சொன்னபடி பெயர் மாற்றி, பென்டிரைவை அதற்கென்று உள்ள யுஎஸ்பி போர்ட்டில் செருகி, பட்டனை அழுத்தினால் லைட் சிமிட்டத் தொடங்கும். அது நிற்கும்வரை சில நிமிஷம் கைகட்டிக் காத்திருக்க வேண்டும். இந்த பட்டன் இல்லாத போர்டுக்காரர்கள், பயாஸ் மாற்றுவதற்கென்றே ஒரு பழைய பிராசஸரை இரவல் தேடினார்கள்.

2020 மே மாதம் பெரிய கண்டம். அடுத்து வரும் ரைசன்கள் பி450இல் ஓடாது என்றது ஏஎம்டி. மாற்றாகச் சொன்ன பி550 போர்டுகள் அப்போது கடைக்கே வரவில்லை. கேமர்கள் கொதித்தார்கள், இரண்டு வாரத்துக்குள் கம்பெனி இறங்கி வந்தது. கோபத்தில் நியாயம் இருந்தது. 2017 ஜனவரியில் வந்த இன்டெல் 200 வரிசை போர்டுகளில், அதே வருஷ அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறை பிராசஸர் ஓடவில்லை. இத்தனைக்கும் இரண்டிலும் அதே 1151 பின் சாக்கெட். அந்த வரலாறு தங்களுக்கும் வேண்டாம் என்றுதானே ஏஎம்டி பக்கம் வந்தார்கள்?

2022 ஏப்ரலில் ரைசன் 5800எக்ஸ்3டி பிராசஸர் வந்தது. 96 எம்பி எல்3 கேஷ், கேமுக்கென்றே செய்தது. ஏறக்குறைய நாலு வருஷப் பழைய பட்ஜெட் போர்டு அதையும் ஏற்றுக்கொண்டது. குறை இல்லாமல் இல்லை: இதில் இருப்பது பிசிஐஇ 3.0. நாலே லேன் உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி கிராபிக்ஸ் கார்டு போட்டால் வேகம் நன்றாகவே அடிபடும்.

இப்போது டாமஹாக் செகண்ட் ஹேண்டில் கைமாறுகிறது. இதன் ஏஎம்4 சாக்கெட் வகையில் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன, போர்டில் வெறும் துளைகள். அதனால் பின் வளைந்த சாக்கெட் தலையில் கட்டப்படும் பயம் இல்லை. ஆனால் தெர்மல் பேஸ்ட் காய்ந்த கூலரை அவசரமாகப் பிடுங்கினால், பிராசஸரும் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து கழன்று வரும். வாங்குமுன் பின்பக்கத் தகடு இருக்கிறதா, பயாஸ் எந்த வெர்ஷன் என்று கேளுங்கள். ‘மேக்ஸ்’ என்றால் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம்.