பார்சிலோனா வரலாற்று அருங்காட்சியகம்

பார்சிலோனா வரலாற்று அருங்காட்சியகம், ஸ்பெயினின் கத்தலோனியப் பகுதித் தலைநகரான பார்சிலோனாவில் நகராட்சி நடத்திவரும் அருங்காட்சியகம். கத்தலான் மொழிப் பெயரைச் சுருக்கி 'மூபா' என்றும் அழைக்கிறார்கள். 1943 ஏப்ரலில் திறக்கப்பட்டது. தலைமையிடம் பழைய நகரின் நடுவே, அரசர் சதுக்கத்தில் இருக்கிறது. கிளைகளோ நகரெங்கும் பரவியுள்ளன: ரோமானியக் கோயிலின் தூண்கள், இடைக்கால அரண்மனை, போர்க்காலப் பதுங்கிடம், பழைய ஆலை, நீரேற்று நிலையம், தொழிலாளர் குடியிருப்பு. இவற்றில் பலவற்றில் கண்ணாடிப் பேழைகளைவிடக் கட்டடமே முதன்மையான காட்சிப்பொருள்.

இந்த நிறுவனம் உருவானதற்கே ஓர் இடிப்பு வேலைதான் காரணம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பார்சிலோனாவின் கோட்டைச் சுவர்கள் தகர்க்கப்பட்டு, வெளியே புதுநகர் எழுந்தது. புதுநகரையும் துறைமுகத்தையும் இணைக்க, நெருக்கமான பழைய தெருக்களை ஊடறுத்து பியா லயேதானா என்ற அகன்ற சாலையைப் போடும் வேலை 1908இல் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர், பல நூற்றாண்டுக் கட்டடங்கள் மண்ணோடு மண்ணாயின. இடிபடவிருந்த மாளிகைகளில் ஒன்று, பதேயாஸ் இல்லம். நகராட்சி அதைக் கல் கல்லாகப் பிரித்து, 1931இல் அரசர் சதுக்கத்தின் மூலையில் மீண்டும் கட்டத் தொடங்கியது. அதற்காகக் கடைக்கால் தோண்டியபோது யாரும் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது: ரோமானிய நகரம்.

அகஸ்டஸ் பேரரசரின் காலத்தில், கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் நிறுவப்பட்ட பார்சினோ என்னும் குடியேற்றத்தின் தெருக்களும் மதிலும் அங்கே புதைந்து கிடந்தன. நகராட்சி வரலாற்று ஆவணக் காப்பகத்தின் தலைவரான அகுஸ்தி துரான் இ சான்பெரே அகழாய்வை முன்னின்று நடத்தினார். இடையில் உள்நாட்டுப் போர் (1936–1939) மூண்டது. ஆவணங்கள் தீக்கும் குண்டுவீச்சுக்கும் இரையாகாமல் காப்பாற்றியவர்களில் அவர் முக்கியமானவர். போருக்குப் பின் வந்த பிராங்கோ ஆட்சி கத்தலான் மொழியையும் தன்னாட்சியையும் ஒடுக்கிய நாள்களில், நகரின் வரலாற்றுக்கென ஓர் அருங்காட்சியகத்தை அவர் நிலைநிறுத்தியது சாதாரணச் செயல் அல்ல.

அகழாய்வு பின்னர் சதுக்கத்தின் அடியிலும் அரண்மனையின் அடியிலும் விரிந்தது. இன்று ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர் பரப்பில் நிலத்தடியில் நடந்து பார்க்கலாம். அங்கு இருப்பவை வெற்றித் தூண்களோ பேரரசர் சிலைகளோ மட்டுமல்ல. துணி வெளுக்கும் பட்டறை, அதையடுத்துச் சாயப்பட்டறை, மீனை உப்பிலிட்டுப் புளிக்கவிட்டுச் சாறு எடுத்த தொட்டிகள், திராட்சை மது தயாரித்த கூடம், அதில் தரையில் பதித்த பெரிய மண்சாடிகள் என்று உழைத்துப் பிழைத்த மனிதர்களின் தடயங்களே நிறைய. அவற்றின் மேலும் பக்கத்திலும் தொடக்ககாலக் கிறித்தவ ஆயரின் வளாகம் எழுந்திருக்கிறது; ஞானஸ்நானத் தொட்டியின் எச்சத்தை இன்றும் காணலாம்.

தரைக்கு மேலே வந்தால் அரகோன் அரசர்களின் பேரரண்மனை. சடங்குகளுக்காக 14ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட தினெல் மண்டபத்தின் கூரையை ஆறு அரைவட்டக் கல் வளைவுகள் தாங்குகின்றன. நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. இந்த மண்டபம் நீண்ட காலம் மறைந்தே இருந்தது. 1714இல் நகரைக் கைப்பற்றிய ஐந்தாம் பெலிப்பே மன்னர் கோட்டை கட்டுவதற்காக ரிபெரா பகுதியின் பெரும்பாகத்தை இடித்தார். அங்கே மடத்தை இழந்த சாந்தா கிளாரா கன்னியர் இங்கு குடியேற்றப்பட்டு, மண்டபத்தைத் தேவாலயமாக்கினர். பூச்சு வேலைப்பாடுகளுக்குள் ஒளிந்துபோன வளைவுகள் 1930களில்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. பக்கத்துச் சாந்தா அகதா சிற்றாலயத்தில் ஜாவுமே உகெத் 1460களில் தீட்டிய பலிபீட ஓவியம் உள்ளது.

சுற்றியுள்ள கோதிக் வட்டாரத்தை முழுக்க இடைக்காலத்தது என்று நம்பிவிடக் கூடாது. பேராலயத்தின் முகப்பு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய வேலை. ஆயர் தெருவின் குறுக்கே உள்ள அழகிய பாலம் 1928இல் கட்டியது. அருங்காட்சியகத்தின் நுழைவாயிலான பதேயாஸ் இல்லமே இடம் பெயர்ந்து வந்ததுதான்.

அருகிலுள்ள பாரதீஸ் தெருவில், ஒரு கட்டடத்தின் உள்முற்றத்தில் அகஸ்டஸ் கோயிலின் நான்கு தூண்கள் நிற்கின்றன. விலா தெ மத்ரித் சதுக்கத்தில் ரோமானியக் கல்லறைகள் வரிசையாக அமைந்த பாதை. 1391 ஆகஸ்டில் தாக்கி அழிக்கப்பட்ட யூதக் குடியிருப்பைப் பற்றிச் சொல்ல அதே பழைய வட்டாரத்தில் தனி மையம் இருக்கிறது. கவிஞர் ஜசிந்த் வெர்தகெர் 1902இல் உயிர்நீத்த ஜோவானா இல்லம் பல்வித்ரேரா மலைச்சரிவில் உள்ளது.

இவ்வளவும் ஒரு நல்ல நகர அருங்காட்சியகத்துக்குப் போதுமானவை. ஆனால் மூபாவைத் தனித்து நிறுத்துவது, அண்மைக் காலத்தில் அது பழைய நகரை விட்டு வெளியே எடுத்துவைத்த அடிகள். வரலாறு மதிலுக்குள் முடிந்துவிடவில்லை என்ற எண்ணம் 2007இல் ஜோவான் ரோகா இயக்குநரான பிறகு அதன் திட்டங்களில் அழுத்தமாகத் தெரிந்தது.

பொப்ளே செக் பகுதியின் 307ஆம் எண் பதுங்கிடம் ஒரு சான்று. உள்நாட்டுப் போரில் பார்சிலோனாவின் மக்கள் வாழ்ந்த வீதிகள் மீதே குண்டுகள் விழுந்தன. 1938 மார்ச்சில் மூன்று நாள்கள் இத்தாலிய விமானங்கள் இடைவிடாமல் தாக்கின. நகரெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதுங்கிடங்கள் அமைக்கப்பட்டன. இந்தச் சுரங்கத்தை அக்கம்பக்கத்து மக்களே மலையடிவாரத்தில் குடைந்தார்கள். குடிநீர், கழிப்பறை, சிகிச்சை அறை என்று உள்ளே செய்துவைத்த ஏற்பாடுகளைப் பார்த்தால், எத்தனை இரவுகளுக்கு அவர்கள் தயாராக இருந்தார்கள் என்பது புரியும்.

அதே போரில், 262 மீட்டர் உயரமுள்ள ரோபிராக் குன்றின் உச்சியில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் நிறுத்தப்பட்டன. போர் முடிந்ததும், பிழைப்புத் தேடி வந்து வாடகைக்கு வீடு கிடைக்காதவர்கள் பீரங்கி மேடைகளையே சுவராகவும் தரையாகவும் கொண்டு குடிசை போட்டார்கள். 1990இல், ஒலிம்பிக் போட்டிக்குச் சற்று முன்னர், அக்குடியிருப்பு அகற்றப்பட்டது. 2011இல் இவ்விடம் அருங்காட்சியகத்தின் கிளையாகத் திறக்கப்பட்டபோது பீரங்கித் தளம் மட்டுமல்ல, குடிசைவாசிகள் பதித்த தரை ஓடுகளும் பாதுகாக்கப்பட்டன. நகரை நாற்புறமும் காட்டும் காட்சிமுனை என்பதற்காகவே பலரும் இங்கே ஏறி வருகிறார்கள். அந்த ஓடுகளைக் குனிந்து பார்க்காமல் போவது பெரிய இழப்பு.

டிரினிதாத் பகுதியின் பழைய நீரேற்று நிலையம், 1914இல் மாசுபட்ட குடிநீரால் டைபாய்டு பரவிய பிறகு கட்டப்பட்டது. பொப்ளேநோவில் ஒலிவா ஆர்தேஸ் என்ற பழைய ஆலைக் கட்டடம் தற்காலப் பார்சிலோனாவின் வரலாற்றைச் சொல்கிறது.

2023இல் சேர்ந்த கிளை போன் பாஸ்தோரில் உள்ளது. வேலை தேடி வந்தோருக்காக 1929இல் நகராட்சி அங்கே 784 ஒற்றைத்தள வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டது; 'மலிவு வீடுகள்' என்றே அவற்றுக்குப் பெயர். அடுக்குமாடிக் கட்டடங்களுக்காக அவை படிப்படியாக இடிக்கப்பட்டபோது ஒரு தொகுதி மட்டும் விட்டுவைக்கப்பட்டது. அதிலுள்ள வீடுகள் வெவ்வேறு காலத்துக் குடித்தனங்களாக, சமையலறைச் சாமான்கள் உட்பட, மீட்டமைக்கப்பட்டுள்ளன. நகரின் தொழிலாளர் வீட்டுவசதி வரலாற்றைக் கூறும் கூடமும் அத்தொகுதியிலேயே இயங்குகிறது.