கம்பளி நூலில் ஒரு முருகைக்கல் தோட்டம்

2005இல் லொஸ் ஏஞ்சல்ஸில் இரட்டைச் சகோதரிகள் இருவர் குரோஷே ஊசியால் முருகைக்கற்களைப் பின்னத் தொடங்கினார்கள். மார்கரட் வெர்தைம் அறிவியல் எழுத்தாளர், கிறிஸ்டின் வெர்தைம் கலைஞர். அவர்களின் சொந்த ஊர் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. பெருந்தடுப்புப் பாறைத்தொடர் அந்தக் கரையோரந்தான் கிடக்கிறது. 1998இலும் 2002இலும் அது பெருமளவில் வெளிறியிருந்தது.

குரோஷேயா, வேலையில்லாத ஆக்களின்ர பொழுதுபோக்கெல்லோ எண்டு கேக்கிறவைக்கு ஒரு கணிதக் கதை இருக்கு. சமாந்தரக் கோடுகள் பற்றிய யூக்ளிட்டின் விதி பொருந்தாத ஒரு வடிவவியலை லொபச்செவ்ஸ்கியும் பொல்யாயும் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் அதைக் கையில் பிடித்துப் பார்க்க நல்ல மாதிரி இல்லை. கடதாசியில் ஒட்டினால் கிழிந்துபோகும். 1997இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் லத்வியக் கணிதவியலாளர் டைனா டைமினா அதைக் குரோஷேயில் பின்னிக் காட்டினார். முறை மிகச் சுலபம்: குறிப்பிட்ட எண்ணிக்கைத் தையலுக்கு ஒருக்கா ஒரு தையல் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஓரம் இடம் போதாமல் சேவல் கொண்டை மாதிரி மடிந்து சுருளும். முருகைகள் இதைப் பல கோடி வருசமாய்ச் செய்கின்றன. சகோதரிகள் பிடித்துக்கொண்டது இந்த ஒற்றுமையைத்தான்.

கடல் சூடேறினால் முருகை தன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடும். நிறமும் உணவில் பெரும்பங்கும் அந்தப் பாசியால் வருவது. மிஞ்சுவது வெள்ளை எலும்புக்கூடு. சூடு நீடித்தால் பட்டினிச் சாவு. 1998இல் எங்கட ஹிக்கடுவையிலும் இதுதான் நடந்தது.

அதனால் பின்னலிலும் வெளிறிய பாறை ஒன்று வந்தது. பிறகு பிளாஸ்டிக் பைகளையும் சேர்த்துப் பின்னிய நச்சுப் பாறை. எங்களுக்கு மிகவும் பிடித்தது அதுதான். அழகான கம்பளிப் பூக்களைப் பார்த்து 'ஐயோ பாவம் கடல்' எண்டிட்டுப் போய்விடலாம். நாங்கள் எறிந்த சொப்பிங் பையே முருகையாய் வந்து நிற்கும்போது அப்படிப் போக ஏலாது. (அக்ரிலிக் நூலும் எண்ணெயில் பிறந்த பிளாஸ்டிக்தான், அதையும் சொல்லவேணும்.)

சகோதரிகள் பின்னல் முறையைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. சிக்காகோ, லண்டன் என ஊர் ஊராக ஆட்கள் சேர்ந்து தங்கள் பாறைகளைப் பின்னினார்கள், பெரும்பாலும் பெண்கள். 2019இல் வெனிஸ் இருவருடக் கலைக்காட்சிக்கும் இது போனது. 2022இல் ஜெர்மனியின் பாடன் பாடனில் சுமார் 4,000 பேர் 40,000 வரையான முருகைகளைப் பின்னி அனுப்பினார்கள். பின்னியவர்களின் பெயர்களையும் காட்சியில் போட்டிருந்தார்கள்.