எம்-16 துப்பாக்கி: வியட்நாம் யுத்தகாலக் கோளாறுகள்

யூஜீன் ஸ்டோனர் என்னும் அமெரிக்க நிபுணர் 1950-களின் பிற்பகுதியில் ஆர்மலைட் நிறுவனத்தில் உருவாக்கிய ஏஆர்-15 என்ற இலகுவான துப்பாக்கியின் ராணுவ வடிவமே எம்-16 ஆகும். 1965-க்குப் பின் வியட்நாமில் பெருமளவில் பிரயோகத்திற்கு வந்த இது, சுட்டபின் வெற்றுத் தோட்டாக்கூடு வெளியேறாமல் அறையிலேயே சிக்கிக்கொள்ளும் தோஷத்தால், சிப்பாய்கள் போர்முனையில் நிராயுதபாணிகளாய் நின்று உயிரிழக்க நேர்ந்தமையின், கடும் கண்டனத்துக்கு இலக்காயிற்று.

1967-இல் ரிச்சர்ட் ஐக்கார்ட் தலைமையில் விசாரித்த அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உபகமிட்டி, ஆதியில் பயன்பட்ட குச்சிவடிவ வெடிமருந்துக்குப் பதிலாக உருண்டைவடிவ மருந்தைப் போதிய பரிசோதனையின்றிப் புகுத்தியதே பிரதான காரணம் எனக் கண்டது. அம்மருந்து சுடும் வேகத்தை மிகுவித்ததோடு கசடையும் அதிகமாக விட்டுச்சென்றது. ஈரம் மிகுந்த வியட்நாமில் குரோமிய முலாம் பூசப்பெறாத தோட்டா அறை துருப்பிடித்ததும், சுத்தம் செய்யும் சாதனங்களும் பயிற்சியும் போதாமற் போனதும் நிலைமையை மேலும் மோசமாக்கின. பின்னர்க் குரோமிய முலாம், திருத்திய அதிர்வுதாங்கி, துப்புரவுச் சாதனங்கள் ஆகியவற்றுடன், சித்திரக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னர் படம் வரைந்த பராமரிப்புக் கையேடும் வழங்கப்பெற, அதன் திருத்திய வடிவமான எம்-16ஏ1 நம்பகமான ஆயுதமாக நிலைபெற்றது.