சோத்துக் கொழுப்பும் பான்ட்டிங்கின் கடிதமும்

1

1863இல் லண்டனில் உடற்பருமன் பற்றி ஒரு சிறு வெளியீடு வந்தது. எழுதியவர் மருத்துவரும் அல்ல, எழுத்தாளரும் அல்ல. வில்லியம் பான்ட்டிங் என்கிற அவர் இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்து தரும் தொழில் நடத்தியவர். அரச குடும்பத்துச் சாவுகளை எடுத்து நடத்தியது அவர்கள் கம்பெனிதான். வயது 66, உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், எடை 202 பவுண்டு. குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க முடியும். பல வைத்தியர்களிடம் போய் அலுத்துவிட்டு, காது மந்தமாகிறது என்று வில்லியம் ஹார்வி என்னும் காது மருத்துவரிடம் போனார். அவரோ ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ஒரு வருடத்தில் 46 பவுண்டு, ஏறக்குறைய 21 கிலோ, குறைந்தது.

இதைத்தான் பான்ட்டிங் எழுதினார். பொதுமக்களுக்கு முகவரியிட்ட கடிதமாக, சொந்தச் செலவில் அச்சடித்து, முதல் இரண்டு பதிப்புகளை இலவசமாகக் கொடுத்தார். 1864இல் வந்த மூன்றாம் பதிப்புக்குத்தான் ஒரு ஷில்லிங் விலை வைத்தார். மருத்துவ இதழ்களுக்கு எரிச்சல் வந்தது. ‘நீ யாரய்யா இதைச் சொல்ல?’ என்பதுதான் அந்த எரிச்சலின் சாரம். உடலைப் பற்றிப் பேசும் உரிமை ஒரு துறையின் ஏகபோகமாக இறுகிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது ஒரு நோயாளி தன் உடம்பைப் பற்றித் தன் பேச்சிலேயே எழுதிவிட்டார். பிரதியின் பலம் அதில் சொல்லப்பட்ட மருத்துவத்தைவிட, அந்தக் குரலில்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

2

அந்த மருத்துவமும் லண்டனில் முளைத்ததல்ல. ஹார்வி 1856இல் பாரிஸ் சென்றபோது, நீரிழிவில் கல்லீரலின் பங்கு பற்றி க்ளோத் பெர்னார் முன்வைத்த கருத்துகளைக் கேட்டார். நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரையும் மாவும் ஆகாது என்றால் பருமனுக்கும் அது பொருந்தலாமே என்று யோசித்தார். அதற்கும் முன்னால், 1825இல், சுவை பற்றிய தன் நூலில் பிரியா-சவரென் பருமனுக்கு மாவுப் பண்டங்களைக் குற்றம் சாட்டியிருந்தார். ஆக, பிரெஞ்சில் பேசப்பட்டது ஆங்கிலக் கடிதமாகி, மொழிபெயர்க்கப்பட்டு மறுபடி பிரான்சுக்கே போனது. ‘மூலம்’ எது, ‘பெயர்ப்பு’ எது என்று பிரிப்பது இங்கே சுலபமில்லை.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் கவனத்துக்குரியது. ‘பான்ட்டிங் சிகிச்சை’ என்ற பெயரில் அது பரவியதும் பேராசிரியர்கள் அதைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஃபெலிக்ஸ் ஃபான் நீமையர் அதைக் கொழுப்பு நீக்கிய இறைச்சி உணவாக விளக்கினார். 1882இல் வில்ஹெல்ம் எப்ஸ்டைன் அதைத் திருப்பிப் போட்டார். குறைக்க வேண்டியது மாவும் சர்க்கரையும்தான், கொழுப்பு வயிற்றை நிறைத்துப் பசியை அடக்கும் என்றார். இன்று ‘குறைந்த மாவு, நிறையக் கொழுப்பு’ என்று சொல்லப்படுவதில் இரண்டாம் பாதி பான்ட்டிங்கிடம் இல்லை. அவர்தான் வெண்ணெயையே விலக்கியவராயிற்றே! கொழுப்பு உள்ளே வந்தது மொழி தாண்டிய பிறகுதான். வந்த வழியில் நோயாளியின் குரல் போய், பேராசிரியரின் குரல் ஏறிக்கொண்டது.

ஸ்வீடனில் ஆள் போய்ப் பெயர் மட்டும் தங்கியது. பான்ட்டிங் என்ற குடும்பப் பெயர் ‘பான்ட்டா’ என்று வினைச்சொல்லானது. உடல் மெலிய எந்த உணவுக் கட்டுப்பாட்டை மேற்கொண்டாலும் அங்கே இன்றும் அதுதான் சொல்.

3

பெயர் வினைச்சொல்லானபோது கழன்று விழுந்தது பான்ட்டிங்கின் தட்டு. அதில் என்ன இருந்தது? காலையில் நாலைந்து அவுன்ஸ் மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ. மதியம் மீன், இறைச்சி, கூடவே இரண்டு மூன்று கோப்பை க்ளாரட் ஒயின். இரவிலும் இறைச்சி அல்லது மீன். அரச குடும்பத்துக்குத் தொழில் செய்தவரின் தட்டு இது. அதே லண்டனின் உழைப்பாளிகள் வயிற்றை நிரப்பியது அவர் விலக்கச் சொன்ன ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான். கடிதம் ‘பொதுமக்களுக்கு’ என்றுதான் எழுதப்பட்டது. அந்தப் பொதுமக்களில் யார் யார் இருந்தார்கள் என்பதை அந்தத் தட்டே காட்டிக்கொடுக்கிறது.

4

‘நீ யார் சொல்ல’ என்ற கேள்வி நூற்றைம்பது வருடம் கழித்தும் தீரவில்லை. ஸ்வீடனில் அன்னிகா டால்க்விஸ்ட் என்னும் மருத்துவர் இந்த உணவைப் பரிந்துரைத்ததற்காக உணவியலாளர்கள் அரசின் சமூக நல வாரியத்திடம் புகார் செய்தார்கள். பருமனுக்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கும் இந்த ஆலோசனை அறிவியலுக்கும் அனுபவத்துக்கும் முரணானதல்ல என்று 2008 ஜனவரியில் வாரியம் சொன்னது. 2013இல் அங்குள்ள அரசு மதிப்பீட்டு அமைப்பு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. முதல் ஆறு மாதத்தில் எடை குறைய இந்த உணவு கூடுதலாக உதவுகிறது, நாளாவட்டத்தில் மற்ற முறைகளோடு உள்ள வித்தியாசம் மங்கிவிடுகிறது என்பது அதன் முடிவு. அற்புதமும் இல்லை, விஷமும் இல்லை.

தென்னாப்பிரிக்காவில் டிம் நோக்ஸ், ஓட்டக்காரர்களுக்கு மாவுச்சத்தைச் சிபாரிசு செய்து புகழ்பெற்ற பேராசிரியர், கட்சி மாறினார். 2013இல் அவர் சேர்ந்து எழுதிய சமையல் நூலோடு ‘பான்ட்டிங்’ என்ற பழைய பெயர் அந்த நாட்டில் உயிர்த்தெழுந்தது. 2014இல், குழந்தைக்கு முதலில் என்ன உணவு தரலாம் என்று கேட்ட ஒரு தாய்க்கு அவர் சொன்ன ஒருவரிப் பதிலுக்காக மருத்துவ ஒழுங்கு விசாரணை நடந்தது. 2017இல் குற்றமற்றவர் என்று தீர்ப்பு, 2018இல் மேல்முறையீடும் தள்ளுபடி. இத்தனைக்கும் நடுவே, சோளமாவுக் களியே அன்றாட உணவான கறுப்பின உழைப்பாளியின் தட்டில் இதை எப்படிப் பரிமாறுவது என்பது, பெயர் பரவிய வேகத்தில் பேசப்படவில்லை.

5

நம் பக்கம் வருவோம். 2010களின் நடுவில் இது ‘பேலியோ’ என்ற பெயரில் தமிழில் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, பலருக்குப் பயன்பட்டிருக்கிறது. மருத்துவத் தமிழ் என்றாலே விளம்பரத் தமிழாகிவிட்ட நேரத்தில், சாதாரண ஆட்கள் தங்கள் உடம்பைப் பற்றிப் பேச்சுத் தமிழில் எழுதினார்கள். பான்ட்டிங்கின் குரல் இங்கேதான் திரும்பக் கேட்டது என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் ‘கொழுப்பு’ என்ற சொல் தமிழில் வெறும் சத்தின் பெயரல்ல. அது ஒரு வசை. கூலி கூட்டிக் கேட்டவனுக்கு, தோளில் துண்டு போட்டு நடந்தவனுக்கு, ‘என்னடா, கொழுப்பு ஏறிப்போச்சா?’ என்று சொல்லப்பட்டது. அதிலும் ‘சோத்துக் கொழுப்பு’ என்று ஒன்று உண்டு. நாலு நாள் வயிறாரச் சோறு தின்றவனிடம் அதிகாரம் கண்டுபிடித்த நோய் அது. சோறு இங்கே மாவுச்சத்து மட்டுமல்ல, மறுக்கப்பட்ட மரியாதையும்கூட. 1967 தேர்தல் படி அரிசியைச் சொல்லி நடந்தது. 2011 ஜூனில் ரேஷன் அரிசி இலவசமானது. அரிசியை எட்டிப் பிடிக்கத் தலைமுறைகள் ஆன வீட்டில் போய் ‘சோற்றை விடு’ என்று சொல்வது வேறு வாக்கியம். அதை ஸ்வீடிஷிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ அப்படியே இறக்கிவிட முடியாது.

பதிலுக்கு என்ன தந்தார்கள்? காலையில் 100 பாதாம், பனீர், நெய். முட்டையும் கறியும் உண்டுதான். ஆனால் இங்கே மலிவான கொழுப்பும் புரதமும் எதில் கிடைக்கிறது என்று சேரியில் கேட்டால் மாட்டுக்கறி என்பார்கள். எந்த உணவைத் தின்றதற்காக ஒரு மக்கள் கூட்டம் இழிவுபடுத்தப்பட்டதோ, அந்த உணவின் சத்து வெளிநாட்டுப் பெயரில் வந்ததும் ஆரோக்கியமாகிவிட்டது. உணவின் பெயர் மட்டும் பட்டியலில் தயங்கித் தயங்கித்தான் வந்தது. மொழிபெயர்ப்பில் விடுபடுவது எதுவும் தற்செயலாக விடுபடுவதில்லை.

இன்னொரு விடுபடல் உயிர் சம்பந்தப்பட்டது. பான்ட்டிங் காலத்தில் இன்சுலின் கிடையாது. 1921இல் டொரோன்டோவில் அதைக் கண்டவர்களில் ஒருவரின் குடும்பப் பெயரும் பான்ட்டிங் என்பது வரலாற்றின் குறும்பு. இன்றைய வாசகர் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டிருக்கலாம். அளவைக் குறைக்காமல் திடீரென்று சோற்றை நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து ஆள் மயங்கி விழுவார். ‘டாக்டரிடம் கேட்டு மருந்தளவை மாற்று’ என்ற வாக்கியம் எல்லா மொழிக்கும் போயாக வேண்டும். ஊர் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவருக்கு அப்படிக் கேட்க ஒரு டாக்டர் இரண்டு நிமிடம் கிடைக்க வேண்டும் என்பதும் அந்த வாக்கியத்தின் பகுதிதான்.

ஆகவே இந்த அறிவு பல மொழிகளில் வர வேண்டுமா என்றால், வரட்டும், இன்னும் வரட்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் சொல்லை மட்டும் பெயர்த்தால் போதாது. ரேஷன் கார்டு, மாட்டுக்கறிக் கடை, ஆஸ்பத்திரி வரிசை மூன்றையும் உள்ளே கொண்டுவராத வரை, அது பான்ட்டிங்கின் சாப்பாட்டு மேசையைத் தமிழில் வர்ணிப்பதாகவே இருக்கும். சோத்துக் கொழுப்பு என்று வசை வாங்கியவர்கள் இனி தங்கள் கொழுப்பைப் பற்றித் தாங்களே எழுத வேண்டும். அவர்கள் எழுதும்போது யாராவது ‘நீ யாரடா சொல்ல?’ என்று கேட்பார்கள். கேட்கட்டும்.