பச்சிளங்குழந்தையின் மாலை நேர அழுகை

நன்றாகப் பால் குடித்து எடை கூடிவரும் குழந்தை, பிறந்த இரண்டாம் அல்லது மூன்றாம் வாரம் முதல், பெரும்பாலும் மாலையிலும் முன்னிரவிலும், காரணம் பிடிபடாமல் வீறிட்டு அழுவதை மருத்துவர்கள் ‘கோலிக்’ என்பர். முகம் சிவக்கும், கைகள் இறுக மூடும், கால்கள் வயிற்றோடு மடங்கும், காற்றும் பிரியும். வீடுகளில் இதை வயிறு பொருமல், மாந்தம், உரம் விழுதல் என்பார்கள். ஆறாம் வாரத்தையொட்டி உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும். குறைமாதக் குழந்தைக்கு இந்த வாரக் கணக்கைப் பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து போட வேண்டும்.

ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் கோலிக் என்ற கணக்கை 1954இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மாரிஸ் வெஸல் தந்தார். எந்தத் தாயும் கடிகாரம் பார்த்துக்கொண்டு அழுகையைக் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். குடல் இயக்கக் கோளாறுகளுக்கு மருத்துவர்கள் வகுத்த, 2016இல் வந்த ‘ரோம் 4’ வரையறை இந்த மணிக் கணக்கைக் கைவிட்டது.

வாயுதான் காரணம் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் அது உறுதிப்படவில்லை. அழும்போது விழுங்கும் காற்றே வயிற்றை உப்பவைப்பதும் உண்டு. சில குழந்தைகளுக்கு மட்டும் பசும்பால் புரத ஒவ்வாமை இருக்கும். மாலையில் குழந்தை அடுத்தடுத்துப் பால் கேட்பதும் இயல்பே. அதைப் பார்த்துத் தாய்க்குப் ‘பால் பத்தவில்லை’ என்று புட்டியைத் தூக்குவது அவசரம். முதல் வாரம் கடந்த குழந்தை நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று கொள்ளலாம்.

மருந்தைவிடக் கையே நம்பத்தக்கது. பால் கொடுத்தபின் தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் விடச்செய்யலாம்; விழித்திருக்கும்போது முன்கையில் குப்புறக் கிடத்தித் தாங்கலாம்; கால்களை மெல்ல மடக்கி நீட்டலாம். தூக்கிச் சுமப்பதற்கு ஆய்வுத் துணையும் உண்டு. மான்ட்ரியாலில் நடத்தப்பட்டு 1986இல் வெளியான ஓர் ஆய்வில், கூடுதல் நேரம் சுமக்கப்பட்ட குழந்தைகளின் அழுகை ஆறாம் வாரத்தில் 43 விழுக்காடு குறைந்திருந்தது. 2022இல் ஜப்பானின் ரிக்கென் நிறுவன ஆய்வாளர்கள் ஐந்து நிமிடம் தூக்கி நடந்து, குழந்தை உறங்கியபின் 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்திருந்துவிட்டுக் கிடத்துமாறு பரிந்துரைத்தனர். கிடத்தும்போது மல்லாக்கவே கிடத்த வேண்டும்.

1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் உருவாக்கிய கிரைப் வாட்டர், நம் வீடுகளில் பல தலைமுறையாகப் புழங்குகிறது. அதன் முதல் கலவையில் சாராயமும் இருந்தது, பின்னர் நீக்கப்பட்டது. அது கோலிக்கைத் தீர்க்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. வாயுவுக்குத் தரும் சிமெத்திகோன் சொட்டு மருந்தும் சோதனைகளில் வெறும் போலி மருந்தைவிட மேலாக நிற்கவில்லை. வயிற்றுப் பிடிப்புக்குத் தரும் டைசைக்ளோமின் மருந்து மூச்சுத் தடையை உண்டாக்கக்கூடியது என்பதால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கூடாது. ஓமத் தண்ணீரும், வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய் இழைத்துப் புகட்டும் உரை மருந்தும் தலைமுறைப் பழக்கம். ஆயினும் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சேலையில் போட்டு உருட்டி ‘உரம் எடுப்பது’ கழுத்து நிற்காத குழந்தைக்கு ஆபத்து.

38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பச்சை வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல் ஆகியவை கோலிக்கின் குறிகள் அல்ல. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அழுகை பொறுக்காமல் குழந்தையைக் குலுக்கினால் சில நொடிகளிலேயே மூளையில் இரத்தம் கசியலாம். கை ஓய்ந்த தாய் குழந்தையைப் பத்திரமான இடத்தில் கிடத்திவிட்டுச் சற்று விலகுவது தவறில்லை. மாலை வேளைகளில் அவளிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொள்ள வீட்டில் இன்னொருவர் இருக்க வேண்டும்; அது அப்பாவாக இருந்தால் நல்லது.